சென்ற ஆண்டின் அதே சதுப்பு: கரைப்பறவைகளின் கூட்டிடப் பற்று

ஐஸ்லாந்தின் தாழ்நிலச் சதுப்புகளில் ஏப்ரல் நடுவிலிருந்து மே நடுவரை கருவால் மூக்கான்கள் வந்து இறங்குகின்றன. ஏறத்தாழ 300 கிராம் எடையும் நீண்ட கால்களும் நேரான நெடிய அலகும் கொண்ட இந்தப் பறவைகள், குளிர்காலத்தைப் பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், போர்ச்சுகல் முதலிய நாடுகளின் கழிமுகச் சேற்றுப் பரப்புகளில் கழித்துவிட்டு வருகின்றன. போர்ச்சுகலிலிருந்து வரும் பறவைக்கு அது சுமார் 3,000 கிலோமீட்டர் பயணம். வந்து சேர்ந்தபின் கூடு கட்ட ஒரு தீவே விரிந்து கிடக்கிறது. ஆனாலும் முன்பு அங்கே இனப்பெருக்கம் செய்த பறவைகளில் பெரும்பாலானவை சென்ற கோடையில் முட்டையிட்ட அதே சதுப்பைத் தேடிச் சென்று, பழைய கூட்டுக்கு அருகிலேயே மீண்டும் கூடு அமைக்கின்றன. இந்தப் போக்கைக் கூட்டிடப் பற்று என்று சொல்லலாம்.

இங்கே கரைப்பறவைகள் என்று குறிப்பிடுவது உள்ளான், மூக்கான், உப்புக்கொத்தி, ஆள்காட்டி, கோட்டான் (ஆந்தையன்று, வளைந்த நெடிய அலகு கொண்ட கரைப்பறவை) முதலியவற்றை உள்ளடக்கிய கூட்டத்தை. வேடந்தாங்கலில் மரத்துக்கு மரம் கூடு கட்டும் நாரைகளும் கொக்குகளும் ஆழமற்ற நீரில் நடந்து இரை தேடுபவைதாம் என்றாலும், அவை வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றின் கூட்டு வாழ்க்கைக்கு வேறு விதிகள் உண்டு. அதனால் அவற்றை இந்தக் கட்டுரையில் சேர்க்கவில்லை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வது நல்லது. பழைய இடத்துக்குத் திரும்புவது என்றவுடன் பழைய கூட்டையே செப்பனிட்டுப் பயன்படுத்துவதாகப் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். கரைப்பறவைகளிடம் அது அரிது. கருவால் மூக்கானின் கூடு தரையில் உள்ள ஒரு சிறு குழிவு மட்டுமே: ஆண் பறவை நெஞ்சைத் தரையில் அழுத்தி, காலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளி, புல்லிடையே பல குழிவுகளை உண்டாக்குகிறது, அவற்றுள் ஒன்றில் பெண் பறவை முட்டையிடுகிறது. உள்ளே காய்ந்த புல் பரப்பப்படுகிறது. சுற்றியுள்ள புற்கள் மேலே கவிந்து கூரைபோல் மறைப்பதால், இரண்டடி தள்ளி நிற்பவர் கண்ணுக்குக்கூட அது எளிதில் தென்படாது. பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்தில் பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூரிய முனைகள் நடுவை நோக்க அடுக்கியதுபோல் கிடக்கும். மூன்று வாரத்துக்குச் சற்று மேல் அடைகாத்தபின் குஞ்சுகள் வெளிவருகின்றன. ஈரம் உலர்ந்த சில மணி நேரத்திலேயே நடக்கத் தொடங்கி, ஓரிரு நாளுக்குள் கூட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறிவிடுகின்றன. இரையைத் தாமே கொத்தித் தின்கின்றன. பெற்றோர் காவல் மட்டும் இருக்கின்றன. அடுத்த பனிக்காலத்தில் அந்தக் குழிவு உருத்தெரியாமல் போய்விடும்.

ஆகவே பறவை பற்று வைத்திருப்பது குழிவின் மீதன்று, குழிவைச் சூழ்ந்த நிலத்தின் மீது. அந்தப் பற்றை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறும். ஒரே நாட்டுக்குத் திரும்புவது, ஒரே சதுப்புக்குத் திரும்புவது, அந்தச் சதுப்பில் முன்பு காத்த அதே எல்லைக்குத் திரும்புவது ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ‘இந்த இனம் இடப்பற்று மிக்கது’ என்று எங்கேனும் படித்தால், எத்தனை மீட்டருக்குள் அல்லது எத்தனை கிலோமீட்டருக்குள் என்ற கேள்வியையும் உடன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். ஏற்கெனவே கூடு கட்டிய பறவை மறு ஆண்டு அதே இடத்துக்கு வருவது ஒன்று. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு வளர்ந்து முதல் முறையாகக் கூடு கட்டும்போது தான் பிறந்த பகுதியைத் தேடி வருவது மற்றொன்று. பின்னதைப் பிறப்பிடப் பற்று எனலாம். பொதுவாகக் கரைப்பறவைகளில் முன்னது வலுவானது, பின்னது தளர்வானது. முதிர்ந்த பறவை சில நூறு மீட்டருக்குள் திரும்பும்போது, அதன் குஞ்சு சில கிலோமீட்டரோ பல கிலோமீட்டரோ தள்ளிக் குடியேறுவது வழக்கம். இந்த வேறுபாட்டின் விளைவு பெரியது என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இவையெல்லாம் எப்படித் தெரியவந்தன என்றால், கால்வளையங்களால்தான். உலோக வளையத்தில் பொறித்த எண்ணைப் படிக்கப் பெரும்பாலும் பறவையை மீண்டும் பிடிக்க வேண்டும். அதனால் ஐஸ்லாந்து மூக்கான்களின் இரு கால்களிலும் வண்ண நெகிழி வளையங்கள் பூட்டப்படுகின்றன. எந்தக் காலில், எந்த வரிசையில், எந்த நிறங்கள் என்பதே அந்தப் பறவையின் அடையாளம். நீண்ட கால் கொண்ட பறவை என்பதால் தொலைநோக்கியில் நிறங்களைப் படிப்பது எளிது, ஆழமான நீரிலோ உயரமான புல்லிலோ அது நிற்காத வரையில். மேற்கு ஐரோப்பாவின் கடற்கரைகளில் ஆயிரக்கணக்கான பறவை ஆர்வலர்கள் இந்த வளையங்களைப் படித்து ஆண்டு முழுவதும் தகவல் அனுப்புகிறார்கள். டோமாஸ் குன்னர்சன், ஜெனிபர் கில் ஆகியோரைச் சுற்றி அமைந்த ஆய்வுக் குழு இந்தத் தகவல்களைக் கொண்டுதான் தனித்தனிப் பறவைகளின் வாழ்க்கை வரலாற்றையே எழுத முடிந்திருக்கிறது.

அளக்கும் முறை எளிதாகத் தோன்றும்: இந்த ஆண்டுக் கூட்டுக்கும் சென்ற ஆண்டுக் கூட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். சிக்கல், திரும்பி வராத பறவையில் இருக்கிறது. பத்துப் பறவைகளுக்கு வளையமிட்டு மறு ஆண்டு ஏழு மட்டுமே கண்ணில் பட்டால், மீதி மூன்றும் இறந்தனவா, வேறு சதுப்புக்குப் போயினவா, அல்லது அங்கேயே இருந்தும் நாம் காணத் தவறினோமா? கூடு கட்டும் சதுப்பை மட்டும் கண்காணிப்பவரால் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாது. இடம் மாறிய பறவைகளை இறந்தவையாகக் கணக்கிட்டால் இடப்பற்று உள்ளதைவிடக் கூடுதலாகவும், ஆயுள் உள்ளதைவிடக் குறைவாகவும் தெரியும். ஆய்வுப் பரப்பு சிறிதாக இருந்தால் இந்தப் பிழை இன்னும் பெருகும். ஐஸ்லாந்து மூக்கான்களின் கதையில் நம்பகத்தன்மை கூடியிருப்பதற்குக் காரணம், கோடையில் காணாமற்போன பறவை குளிர்காலத்தில் ஏதேனும் ஒரு கழிமுகத்தில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டுவிடுகிறது என்பதே.

இனி, ஏன் திரும்ப வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். வடபுலத்தின் கோடை குறுகியது. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சுகள் பறக்கும் வரை காத்து, பின் தென்திசைப் பயணத்துக்கு வேண்டிய கொழுப்பையும் சேர்த்துக்கொள்ள மூக்கானுக்குக் கிடைப்பது மூன்று மாதமும் சில நாள்களும்தான். புதிய இடத்தில் இறங்கும் பறவை எந்த ஓரத்தில் பனி முதலில் உருகும், எங்கே மண் இளகி மண்புழுவும் புழுக்களும் கிடைக்கும், எந்த மேட்டில் நரி நடமாடும், எங்கே வெள்ளம் ஏறும் என்பதையெல்லாம் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கற்றலில் போகும் ஒவ்வொரு நாளும் குஞ்சுகளின் வளர்ச்சிக் காலத்திலிருந்து கழிகிறது. பழைய இடத்துக்கு வரும் பறவைக்கு இந்தச் செலவு இல்லை. அக்கம்பக்கத்து எல்லைகளில் இருப்பவையும் சென்ற ஆண்டுப் பறவைகளே என்றால் எல்லைச் சண்டைகளும் குறைவு. கழுகோ காகமோ வரும்போது கூடி விரட்டவும் பழகிய அண்டைப் பறவைகள் இருக்கின்றன.

இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய காரணம் இணை. கருவால் மூக்கான் பெரும்பாலும் ஆண்டுக்காண்டு ஒரே இணையுடன் கூடு கட்டுகிறது. ஆனால் அந்த இணைகள் குளிர்காலத்தைச் சேர்ந்து கழிப்பதில்லை. குன்னர்சனும் சக ஆய்வாளர்களும் 2004-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது: ஓர் இணையின் ஆணும் பெண்ணும் குளிர்காலத்தைக் கழித்த இடங்களுக்கு இடையே சராசரியாக ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் இடைவெளி இருந்தது. அப்படியிருந்தும், மொத்தக் கூட்டமும் வந்து சேர ஒரு மாத காலம் ஆகும் நிலையில், இணைப் பறவைகள் இரண்டும் சராசரியாக மூன்று நாள் வித்தியாசத்தில் ஐஸ்லாந்தை அடைந்தன. இரண்டும் கலந்து பேசிக் கிளம்பியிருக்க வழியில்லை. குளிர்காலத்தில் அவற்றுக்கிடையே எந்தத் தொடர்பும் தெரியவில்லை. ஒருவேளை இரண்டுமே தத்தமக்குரிய நாளில் வரும் வழக்கத்தை விடாமல் காப்பதால் பொருத்தம் நீடிக்கிறதோ என்னவோ. வருகை நாள்கள் பொருந்தாமற்போன ஆண்டில் பிரிவு நேர்ந்தது: முதலில் வந்த பறவை காத்திருக்காமல் வேறு இணையைத் தேடிக்கொண்டது.

இந்த ஆய்வின் அழகு எனக்குத் தெரிந்தவரை இங்கேதான் இருக்கிறது. மூக்கானின் பற்று இணையின் மீதா, இடத்தின் மீதா என்று கேட்டால், இரண்டையும் பிரிப்பது கடினம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் இணையைத் தேடிப்பிடிக்க வேறு வழியே இல்லாத பறவைக்கு, பழைய சதுப்பே சந்திப்பு இடமாகிறது. ஒன்று இடம் மாறினால் மற்றதை இழக்க நேரும். அந்த வகையில் இடப்பற்று இணைப்பற்றுக்கு அடித்தளமாக நிற்கிறது. மனிதர்கள் இதற்குக் காதல் என்று பெயர் வைத்தால் பறவை ஒன்றும் சொல்லப்போவதில்லை, ஆனால் காத்திருக்கும் பொறுமை அதற்கு மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லாப் பறவைகளும் எல்லா ஆண்டுகளிலும் திரும்பிவிடுவதில்லை. பல இனங்களில் காணப்படும் பொதுப்போக்கு இதுதான்: குஞ்சு பொரித்து வெற்றி கண்ட பறவை மறு ஆண்டு அருகிலேயே கட்டுகிறது, முட்டைகளை நரிக்கோ வெள்ளத்துக்கோ பறிகொடுத்த பறவை சற்றுத் தள்ளிப் போகிறது. தள்ளிப் போவது என்றாலும் பெரும்பாலும் சதுப்பைவிட்டே வெளியேறுவதில்லை. சில நூறு மீட்டர் நகர்வதோடு நின்றுவிடும். தோல்வி ஒருமுறை என்றால் தற்செயலாக இருக்கலாம், இடத்தைப் பற்றிய அறிவு இன்னும் பயன் தரக்கூடியது என்பதால் அது முழுவதுமாகக் கைவிடப்படுவதில்லை என்று இதற்கு விளக்கம் சொல்லலாம்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே வேறுபாடு உண்டு. எல்லையைப் பிடித்துக் காப்பது ஆணின் வேலையாக உள்ள இனங்களில் ஆணே இடத்தை இறுகப் பற்றுகிறது. வட அமெரிக்கத் துருவப் பகுதியின் சிறு உள்ளான்கள் சிலவற்றில் ஆண் பழைய எல்லைக்கே வர, பெண் சற்று அகன்று போவது நன்கு பதிவாகியிருக்கிறது. குஞ்சு வளர்ப்பை ஆணிடம் விட்டுச் செல்லும் இனங்களில் பெண்ணின் நடமாட்டம் இன்னும் அதிகம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் ஸ்னோயி ப்ளோவர் என்ற உப்புக்கொத்தியில், பெண் தன் முதல் குஞ்சுகளை ஆணின் பொறுப்பில் விட்டுவிட்டு, அதே பருவத்திலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிச் சென்று வேறோர் ஆணுடன் மீண்டும் முட்டையிடுவதும் உண்டு.

இப்போது இளம் பறவைகளுக்குத் திரும்புவோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐஸ்லாந்து மூக்கான்கள் தீவின் தென்பகுதித் தாழ்நிலத்தில் மட்டும் சில ஆயிரம் என்ற அளவில் இருந்தன. அதன்பின் நூற்றாண்டு நெடுகப் பெருகி, தீவின் தாழ்நிலம் எங்கும் பரவி, இன்று பல பத்தாயிரங்களாக ஆகியுள்ளன. முதிர்ந்த பறவைகள் பழைய சதுப்பை விட்டு அசையாத ஓர் இனம் எப்படி ஒரு தீவு முழுவதும் பரவியது? குஞ்சுகள் வழியாகத்தான். முதன்முறை குடியேறும்போதுதான் மூக்கானுக்கு உண்மையான தேர்வுச் சுதந்திரம் இருக்கிறது. ஒருமுறை குடியேறிவிட்டால் அந்தத் தேர்வே ஆயுளுக்கும் நிலைத்துவிடுகிறது.

நாள் விஷயத்திலும் இதே கதை. ஐஸ்லாந்துக்கு மூக்கான்கள் வந்து சேரும் காலம், வசந்தம் வெதுவெதுப்பாகிவரும் கடந்த சில பத்தாண்டுகளில் முன்னுக்கு நகர்ந்திருக்கிறது. அதனால் ஒவ்வொரு பறவையும் முன்கூட்டி வரக் கற்றுக்கொண்டது என்று நினைப்பது இயல்பு. ஜெனிபர் கில்லும் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அப்படியல்ல என்று காட்டியது. தனிப்பறவை ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே நாளில்தான் வந்துகொண்டிருந்தது. அண்மை ஆண்டுகளில் பிறந்து புதிதாகக் கூட்டத்தில் சேர்ந்த பறவைகள்தாம் முன்னதாக வரும் வழக்கத்தோடு வந்தன. முதியவை இறக்க, இளையவை சேர, சராசரி நகர்ந்தது. மூக்கான் கூட்டம் மாறுவது தலைமுறை வழியாகவே.

இடப்பற்றைப் பற்றிப் படிக்கும்போது அது கரைப்பறவைகளின் பொதுக்குணம் என்ற எண்ணம் எழக்கூடும். உண்மையில், முற்றிலும் எதிரான இனங்களும் உண்டு. அலாஸ்காவில் உட்கியாக்விக் என்னும் ஊரருகே பெக்டோரல் சாண்ட்பைப்பர் என்ற உள்ளான் வகையின் ஆண்களுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தித் தொடர்ந்தார்கள். 2017-இல் வெளியான முடிவுகளின்படி, ஒரே இனப்பெருக்கப் பருவத்தில் சில ஆண்கள் துருவப் பகுதி நெடுகப் பறந்து 24 இடங்கள் வரை இறங்கிப் பார்த்தன. இந்த இனத்தின் ஆண் அடைகாப்பதும் இல்லை, குஞ்சு காப்பதும் இல்லை. எங்கே பெண்கள் கூடுதலாக இருக்கின்றனவோ அங்கே இருப்பதுதான் அதற்கு இலாபம். நிலத்தைப் பற்றிய நுட்ப அறிவு அதற்குத் தேவையே இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இதில் நேரடியான ஒரு தொடர்பு உண்டு. கோடியக்கரையிலும் மன்னாரிலும் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக மேயும் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் சைபீரியாவின் வடகோடியில் கூடு கட்டுபவை. இரண்டுமே கூட்டிடப் பற்றுக் குறைந்த இனங்கள். அந்தத் தூந்திர நிலத்தில் பனி உருகும் நாள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறும். சென்ற ஆண்டு ஜூன் தொடக்கத்தில் வெளிப்பட்ட தரை இந்த ஆண்டு அதே நாளில் பனிக்கடியில் கிடக்கலாம். இன்னொரு பக்கம் லெம்மிங் என்னும் சிறு கொறித்துண்ணிகள். அவை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, பின் திடீரெனக் குறைகின்றன. அவை மிகுந்த ஆண்டில் துருவ நரி அவற்றைத் தின்று நிறைவடைகிறது. அவை அருகிய ஆண்டில் நரியின் கண் உள்ளான் முட்டைகள் மீது திரும்புகிறது. சென்ற ஆண்டு பாதுகாப்பாக இருந்த மேடு இந்த ஆண்டு பொறியாகலாம் என்ற நிலையில் பழைய அறிவுக்கு மதிப்புக் குறைவு. எங்கே பனி உருகியிருக்கிறதோ அங்கே இறங்கிவிடுவதே அங்குச் சரியான உத்தி. ஒப்பிட்டால் ஐஸ்லாந்தின் தாழ்நிலம் நம்பத்தக்கது. அங்கு லெம்மிங்குகளும் இல்லை.

ஆகவே இடப்பற்று என்பது ஒருவகைக் கணிப்பு: அடுத்த ஆண்டு இந்த ஆண்டைப் போலவே இருக்கும் என்ற கணிப்பு. இயற்கை மெதுவாக மாறும் வரை அது பலிக்கிறது. நிலம் வேகமாக மாறினால், அதுவும் மனிதர் கையால் மாறினால், பறவைக்கு அது தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது.

நெதர்லாந்தின் புல்வெளிகளில் நடந்தது இதுதான். அங்குக் கூடு கட்டும் கருவால் மூக்கான் ஐஸ்லாந்துப் பறவையின் நெருங்கிய உறவு, வேறொரு கிளையினம். 1960-களில் அந்நாட்டில் சுமார் 1,20,000 இணைகள் இருந்தன. 2015 அளவில் ஏறத்தாழ 33,000 ஆகக் குறைந்துவிட்டன. அதே ஆண்டில் மக்கள் வாக்களித்து அதைத் தேசியப் பறவையாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கொஞ்சம் கசப்பான பொருத்தம். பால்மாடு வளர்ப்பு தீவிரமானபோது ஈரப் புல்வெளிகள் வடிக்கப்பட்டன. பூச்செடிகள் கலந்த பழைய மேய்ச்சல் நிலத்துக்குப் பதில் ஒரே வகைப் புல் விதைக்கப்பட்டது. அது வேகமாக வளர்வதால் முதல் அறுவடை முன்னுக்கு வந்து, மூக்கான் அடைகாக்கும் வாரங்களிலும் குஞ்சுகள் புல்லில் ஒளிந்திருக்கும் வாரங்களிலும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. முட்டைகளுக்கு அருகே குச்சி நட்டு, உழவர் சுற்றிச் சென்றாலும், பொரித்த குஞ்சுக்கு அறுத்த வயலில் பூச்சியும் இல்லை, மறைவும் இல்லை.

முதிர்ந்த பறவை மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. 20 ஆண்டைக் கடந்து வாழ்ந்த கருவால் மூக்கான்களும் உண்டு என்பதால், ஒரு வயலில் பத்தாண்டாக ஒரு குஞ்சுகூடப் பறக்காமல் போயிருந்தாலும் ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கே மூக்கான் குரல் கேட்கும்; பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகவே தோன்றும். எண்ணிக்கை சரிவது முதியவை ஒவ்வொன்றாக உதிரும்போதுதான். எனவே ஒரு சதுப்பில் பறவைகள் இருக்கின்றன என்பதை மட்டும் வைத்து அந்த இடம் அவற்றுக்கு ஏற்றது என்று முடிவு கட்டக் கூடாது. எத்தனை குஞ்சுகள் பறந்தன என்று எண்ண வேண்டும். அங்கு இயங்கும் பாதுகாப்புத் திட்டங்கள் தாமத அறுவடைக்கும் நீர்மட்டத்தை உயர்த்துவதற்கும் உழவர்களுக்குப் பணம் தருகின்றன. அந்த வயல்கள் மூக்கான்கள் இப்போது கூடு கட்டும் இடங்களிலேயே அல்லது ஒட்டினாற்போல் அமைந்தால்தான் பலன் விரைவில் தெரியும். பத்து கிலோமீட்டர் தள்ளி அருமையான ஈரநிலம் ஒன்றை உருவாக்கினாலும் முதிர்ந்த பறவைகள் அதற்காக இடம்பெயர்ந்து வருவது அரிது; இளம் பறவைகள் அதைக் கண்டடையும் வரை அது காலியாகவே கிடக்கலாம்.

அந்த இளம் பறவைகளைக் கொண்டே இடப்பற்றைச் சாதகமாக்கிக்கொள்ளும் முயற்சி ஒன்று கிழக்கு இங்கிலாந்தில் நடந்தது. அங்கு நீன் வாஷஸ், ஊஸ் வாஷஸ் என்ற இரண்டு வெள்ளச் சமவெளிகளில்தான் பிரிட்டனின் கருவால் மூக்கான்களில் பெரும்பகுதி கூடு கட்டுகிறது. அவையும் சில பத்து இணைகளே. பறவைகள் பாதுகாப்புக்கான அரச சங்கமும் நீர்ப்பறவை–ஈரநில அறக்கட்டளையும் 2017-இல் தொடங்கிய திட்டத்தில், வெள்ளத்துக்கோ வேட்டை விலங்குகளுக்கோ பலியாகக்கூடிய முட்டைகளைக் கூடுகளிலிருந்து எடுத்து, பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்கச் செய்து, பறக்கும் பருவம் வரை கூண்டில் வளர்த்து, கால்வளையம் பூட்டி, அந்தச் சமவெளிகளிலேயே விடுவித்தார்கள். பெற்றோரைப் பாராமல் வளர்ந்த அந்தப் பறவைகள் பிற காட்டு மூக்கான்களைப் போலவே தெற்கே பறந்தன. ஓரிரு ஆண்டு கழித்து, கண்காணிப்பு மேடையிலிருந்தவர்களின் தொலைநோக்கிகளில் அதே வளைய நிறங்கள் தென்படத் தொடங்கின; திரும்பி வந்தவை அந்தச் சமவெளிகளில் தாமே இணை சேர்ந்து முட்டையிட்டன.